வந்து சேராத இலத்திரன்



இன்றைய பேச்சுக்கு மிகுகுளிர் மூலக்கூற்றுப் பிளாஸ்மாக்களைக் கட்டுப்படுத்தல் என்று தலைப்பு எழுதி அனுப்பியிருந்தேன். அடுத்த நாளே தொலைபேசி வந்தது. "சேர், இது சனத்துக்கு விளங்குமோ?" என்று கேட்டார்கள். ஓம், விளங்கும் என்றேன். பெயர்தான் நீளம். பிளாஸ்மா என்பது அயன்களும் கழன்ற இலத்திரன்களும் கலந்த வாயு. உள்ளே இருப்பது ஒரே கேள்வி. நேரேற்றம் கொண்ட ஒன்றை நோக்கி ஓர் இலத்திரன் விழுகிறது. அது போய்ச் சேருமா, சேராதா? சேர்ந்தால் என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்கு நம் மண்ணில் ஒரு முன்கதை உண்டு. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரி வழியாகக் கேம்பிரிட்ஜ் போய், போல் டிராக்கிடம் ஆய்வு செய்தவர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக இருந்தார்; மெல்பேணில் லா ட்ரோப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே போனார்; 2001இல் அங்கேயே காலமானார். அவரைச் சமூகப் பணிக்காக நினைப்பவர்கள் பலர். அவருடைய கணக்கை நினைப்பவர்கள் இங்கே குறைவு. அந்தக் குறையை என் பங்குக்குக் கொஞ்சமாவது தீர்க்கவே இந்த இடத்தில் சற்று நிற்கிறேன்.

1938இல் டிராக் ஒரு சமன்பாடு எழுதியிருந்தார். ஏற்றம் கொண்ட துணிக்கை ஆர்முடுகும்போது கதிர்வீச்சை வெளிவிடும். அந்தக் கதிர்வீச்சு துணிக்கையையே திருப்பித் தாக்கும். அதையும் சேர்த்துக்கொண்ட சமன்பாடு அது. எலியேசர் அதை எடுத்து ஐதரசன் அணுவில் பொருத்திப் பார்த்தார். புரோத்தன் ஒன்று, அதை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரன் ஒன்று. எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஆகவே மோதத்தான் வேண்டும் என்று எவரும் சொல்வார்கள். 1943இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் ஆய்விதழில் அவர் வெளியிட்ட முடிவு வேறு. அந்தச் சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை அடையவே அடையாது. கிட்ட வந்து, வேகம் இழந்து, நின்று, திரும்பி, பிறகு கட்டுக்கடங்காத ஆர்முடுகலுடன் வெளியே ஓடிவிடும். அப்போது அவருக்கு வயது 25.

இயற்கையில் இப்படி நடப்பதில்லை. எலியேசருக்கும் அது தெரியும். அந்தச் சமன்பாட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு அவர் எல்லைக்கல் நட்டார். 1948இல் அதற்கு மாற்றாக அவர் முன்வைத்த சமன்பாடு அரை நூற்றாண்டுக்குப் பின் மறுபடி கவனம் பெற்றது. இன்று அதை ஃபோர்ட், ஓ'கொனெல் என்ற இருவரின் பெயரோடு எலியேசரின் பெயரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். அவர் பிளாஸ்மாவில் வேலை செய்தவர் அல்லர். அப்படி நான் சொல்ல வரவில்லை. ஆனால் இன்று நான் சொல்லப்போகும் பரிசோதனையிலும் அதே காட்சிதான். இழுக்கும் அயன் இருக்கிறது, விழவேண்டிய இலத்திரன் இருக்கிறது. அது விழ மறுக்கிறது.

பரிசோதனைக்கூடத்துக்குப் போகுமுன் கொஞ்சம் வானத்தைப் பார்ப்போம். அங்கேயும் இலத்திரன்கள் அயன்களில் விழுகின்றன. அதை நான் முதலில் காதால் கேட்டேன். படித்தது மிகவும் பிந்தி.

தொண்ணூறுகளில் நமக்கு மின்சாரம் இல்லை, பற்றரி கிடைக்காது. எங்கள் வீட்டு விறாந்தையில் மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். ஆசனமும் கைப்பிடியும் நிலத்தில், சில்லு இரண்டும் மேலே. பின்சில்லில் டைனமோவைச் சாய்த்துவிட்டு அதிலிருந்து இரண்டு வயரை வானொலிக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. "தம்பி, கை ஓயாமல் சுத்து, செய்தி போகப்போகுது" என்பார். வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் இழுபட்டு மங்கிப்போகும். பொழுது சாயும்போது உள்ளூர் நிலையமும் அக்கரைத் தமிழ்நாட்டு நிலையமும் மட்டும் இருக்கும். இருட்டிக்கொண்டு வர, மத்திய அலையில் அதுவரை வெறும் இரைச்சலாக இருந்த இடங்களில் பாஷை தெரியாத நிலையங்கள் ஒவ்வொன்றாக முளைக்கும். பகலில் இவை எங்கே போயிருந்தன என்று கேட்டேன். "பகலிலை வானம் குடிச்சிடும்" என்றார் மாமா. அவர் பௌதிகவியல் படித்தவரல்லர். ஆனால் சொன்னது சரி.

நமக்கு மேலே 60 கிலோமீற்றரிலிருந்து அயன்மண்டலம் தொடங்குகிறது. அதன் மிகக் கீழான படையில், சூரியனிலிருந்து வரும் 121.6 நனோமீற்றர் புறவூதாக் கதிர் நைத்திரிக் ஒட்சைட்டு மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைக் கழற்றுகிறது. அந்த இலத்திரன்கள் வானொலி அலைக்கு ஏற்ப அசைந்து, வளிமூலக்கூறுகளுடன் மோதி, அலையின் சக்தியை வெப்பமாக்கிவிடுகின்றன. அதற்கு மேலே, 100 கிலோமீற்றரைச் சுற்றியுள்ள படையிலும் நைத்திரிக் ஒட்சைட்டு அயனே முதன்மையான அயன்களில் ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாடு காந்த மத்திய கோட்டுக்கு மிக அருகே இருப்பதால், அந்த உயரத்தில் பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் நம் தலைக்கு மேலால் ஓடுகிறது. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ரொக்கெற் ஏவப்பட்டதற்கு அந்த மின்னோட்டமே காரணம். கேரளக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தது காந்த மத்திய கோடு அவ்வழியே போனதால்தான்.

சூரியன் மறைந்ததும் புதிய அயன்கள் உண்டாவது நிற்கிறது. இருக்கும் இலத்திரன்கள் அயன்களில் போய் விழுகின்றன. இங்கேதான் மூலக்கூற்றின் குணம் வெளிப்படுகிறது. தனி அணுவின் அயனில் இலத்திரன் விழுந்தால், விடுபடும் சக்தியை என்ன செய்வது என்று அணுவுக்குத் திணறல். ஒளியாக வெளிவிட வேண்டும், அல்லது பக்கத்தில் இன்னொரு துணிக்கை வந்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அந்தச் சேர்க்கை மெதுவானது. மூலக்கூற்று அயனுக்கு அந்தச் சிரமம் இல்லை. இலத்திரன் வந்து விழுந்ததும் அந்தச் சக்தியைக் கொண்டு தன் பிணைப்பை அறுத்துக்கொண்டு நைதரசன் வேறு, ஒட்சிசன் வேறாகப் பறந்துவிடும். பாடநூலில் இதற்குப் பிரிகைமுறை மீள்சேர்க்கை என்று பெயர். சேர்ந்து சிதைதல் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மாமாவின் வானொலியில் தூர நிலையங்களைத் திறந்துவிட்டது மூலக்கூற்று அயன்களின் இந்தச் சிதைவுதான்.

இது எவ்வளவு வேகமானது என்று மாணவர்கள் இப்போதே கணக்கிட்டுப் பார்க்கலாம். அறை வெப்பநிலையில் நைத்திரிக் ஒட்சைட்டு அயனுக்கு இதன் வீத மாறிலி, செக்கனுக்கு இத்தனை கன சென்ரிமீற்றர் என்ற அலகில், ஏறத்தாழ 4×10⁻⁷. 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே பகலில் ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் இலத்திரன். இரண்டையும் பெருக்கித் தலைகீழாக்குங்கள்: 25 செக்கன். இப்போது அதே கணக்கை, கன சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி அயன் இருக்கும் ஓர் இடத்துக்குப் போடுங்கள். 2.5 மைக்ரோசெக்கன். குளிர்ந்தால் வீத மாறிலி இன்னும் கூடும். ஆயுள் இன்னும் குறையும்.

வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், எட்வேட் கிறான்ற் என்ற இரசாயனப் பேராசிரியரின் குழு அப்படி ஒரு பிளாஸ்மாவை அதே நைத்திரிக் ஒட்சைட்டில் உண்டாக்கி 2008இல் அறிவித்தது. அது மைக்ரோசெக்கனில் அழிந்திருக்க வேண்டும். பின்னர் அளந்து பார்த்தபோது ஒரு மில்லிசெக்கனுக்கு மேலும் நின்றது. இன்று நான் பேச வந்தது இந்த ஒரு புதிரைப் பற்றித்தான்.

அதை எப்படி உண்டாக்குகிறார்கள்? சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டவர்களுக்குத் தெரியும், சீறிவரும் காற்று விரலில் குளிராகப் படும். உயர் அமுக்கத்திலிருந்து வெற்றிடத்துக்கு ஒரு சிறு துளை வழியே வாயுவைச் சீறவிட்டால் இந்தக் குளிர்ச்சி பல மடங்காகும். ஈலியத்தில் சிறிதளவு நைத்திரிக் ஒட்சைட்டைக் கலந்து அப்படிச் சீறவிடுகிறார்கள். மூலக்கூறுகள் யாவும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில், செக்கனுக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் பறக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று பார்த்தால் அவை அசைவற்றவை. கற்றையோடு சேர்ந்து ஓடிக்கொண்டே அளந்தால் வெப்பநிலை 1 கெல்வின் அளவில் இருக்கும். வெப்பநிலை என்பது கூட்டத்துக்குள் இருக்கும் வேக வேறுபாடு மட்டுமே.

இந்தக் கற்றையில் இரண்டு லேசர்த் துடிப்புகளைப் பாய்ச்சுகிறார்கள். 226 நனோமீற்றரில் ஒன்று மூலக்கூற்றை அருட்டிய நிலைக்கு ஏற்றுகிறது. 330க்குச் சற்றுக் கீழேயுள்ள மற்றது, அயனாகும் எல்லைக்குக் கொஞ்சம் குறைவான ஓர் உயரத்தில் இலத்திரனைக் கொண்டுபோய் விடுகிறது. அதுதான் ரிட்பெர்க் நிலை. முதன்மைச் சக்திச்சொட்டெண் 50 என்றால், இலத்திரனின் ஒழுக்கு அடிநிலை ஐதரசனின் ஒழுக்கைப்போல் 2,500 மடங்கு அகன்றது. சாதாரண அணு பத்துச் சென்ரிமீற்றர் பனம்பழம் என்றால் இது கால் கிலோமீற்றர் அகலமான தோட்டவெளி. அதைக் கட்டிவைத்திருக்கும் சக்தியோ அதே 2,500 மடங்கு குறைவு. இந்த மண்டபத்தின் சாதாரண வெப்பமே அதைக் கழற்றிவிடப் போதும்.

இப்படியான மூலக்கூறுகள் கன சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் கோடி என்ற அடர்த்தியில் இருந்தால் அண்டைவீட்டார் ஒருவரையொருவர் தொடுமளவுக்குக் கிட்ட நிற்பார்கள். மிக நெருங்கிய சோடியில் ஒன்று கீழ்நிலைக்கு விழும். அந்தச் சக்தியை வாங்கி மற்றது அயனாகும். வெளிவந்த இலத்திரன் அடுத்ததை இடிக்கும், அது இன்னொன்றை. செக்கனின் இலட்சத்தில் ஒரு பங்கு முடியுமுன்னே வாயு பிளாஸ்மாவாகிவிடும். வெப்பம் கொடுத்துச் செய்ததல்ல இது. 1920இல் மேகநாத் சாகா எழுதிய அயனாக்கச் சமன்பாடு, நட்சத்திர வளியில் எந்த வெப்பநிலையில் எவ்வளவு அயனாகும் என்று சொல்லும். 1 கெல்வினைப் போட்டால் அது பூச்சியம் என்றே சொல்லும். சாகா பிழையில்லை. இங்கே சமநிலை இல்லை, அவ்வளவுதான்.

அணுக்களில் மிகுகுளிர்ப் பிளாஸ்மாவை முதலில் உண்டாக்கியவர்கள் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் கில்லியனும் ரோல்ஸ்டனும் அவர்கள் சகாக்களும். 1999, செனன் அணுக்கள். ரிட்பெர்க் வாயு தானாகவே பிளாஸ்மாவாவதை மறு ஆண்டு கலகர், பியே ஆகியோரின் குழு காட்டியது. கில்லியன் பின்னர் றைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரொன்சியம் அயன்களை லேசரால் 50 மில்லிகெல்வின் வரை குளிர்வித்து 2019இல் வெளியிட்டார். அந்த நுட்பம் அணு அயனுக்குக் கைகொடுக்கும். நைத்திரிக் ஒட்சைட்டை அப்படி லேசரால் பிடித்து வைக்க முடியாது. மூலக்கூற்றின் சுழற்சியும் அதிர்வும் ஒளியைப் பல வழியில் சிதறடித்துவிடும். மூலக்கூற்றுக்காரர்கள் வேறு கைப்பிடிகளைத் தேட வேண்டியிருந்தது.

முதற் கைப்பிடி அடர்த்தி. முதல் லேசருக்கும் இரண்டாவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதிலேயே அது இருக்கிறது. இடைநிலையின் ஆயுள் 200 நனோசெக்கன் அளவு. காத்திருக்கக் காத்திருக்க அதிலுள்ள மூலக்கூறுகள் குறையும். பிறகு இரண்டாம் லேசரைப் பாய்ச்சினால் ரிட்பெர்க் மூலக்கூறுகளும் அந்த அளவுக்கே குறையும். ஒரு பிடியைத் திருகாமல், நேரத்தை மட்டும் மாற்றி அடர்த்தியைத் துல்லியமாக வைக்கலாம். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஆய்வுகூடத்தில் பணம் போட்டு வாங்க முடியாத கெட்டித்தனம் இப்படித்தான் வரும்.

இரண்டாவது, எந்த நிலையில் தொடங்குவது என்பது. ரிட்பெர்க் இலத்திரனின் கோண உந்தம் குறைவாக இருந்தால் அதன் ஒழுக்கு நீள்வட்டமாகி, ஒவ்வொரு சுற்றிலும் மூலக்கூற்றின் கருப்பகுதியைத் தொட்டுவரும். தொடும்போதெல்லாம் மூலக்கூறு உடையும் அபாயம் உண்டு. கோண உந்தம் கூடினால் ஒழுக்கு வட்டமாகி, இலத்திரன் கருவைத் தொடாமலே சுற்றும். மில்லிமீற்றர் அலைகளால் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குத் தள்ளிப் பார்த்து, எவை அழிகின்றன, எவை நிற்கின்றன என்று வன்கூவர்க் குழுவினர் கணக்கெடுத்தார்கள். கோண உந்த எண் நான்கும் அதற்கு மேலுமான மூலக்கூறுகளே நெடுநேரம் எஞ்சுகின்றன.

மூன்றாவதில்தான் புதிரின் முடிச்சு. 2020இல் வெளியான பரிசோதனை அது. நீண்டு வாழும் பிளாஸ்மாவின்மேல் 60 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையைச் செலுத்தினார்கள். சென்ரிமீற்றருக்கு ஒரு வோல்ற்றுக்கும் குறைந்த புலம். பார்த்துக்கொண்டிருக்கப் பிளாஸ்மா அழிந்தது. இலத்திரன்கள் அசைக்கப்பட்டதும் அயன்களைக் கண்டுபிடித்து விழுந்தன. மூலக்கூறுகள் நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் உடைந்தன. அடர்த்தியைக் குறைத்தால் இந்த விளைவும் குறைந்தது. அதனால் மோதுகைகளே காரணம் என்று உறுதியாயிற்று. அதுவரை ஏன் விழவில்லை? அவை நகர முடியாமல் இருந்தன என்பதே நேர்மையான விடை.

ஏன் நகர முடியவில்லை என்பதில் கருத்து இன்னும் முற்றவில்லை. ஒழுங்கற்ற பொருளில் இலத்திரன் அலை தன் இடத்திலேயே சிறைப்படலாம் என்று பிலிப் அண்டர்சன் 1958இல் காட்டினார். இந்தப் பிளாஸ்மாவில் ஒவ்வோர் அயனும் ஒவ்வொரு மூலக்கூறும் வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு சக்தியில் இருக்கின்றன. அந்தக் குழப்பமே சக்தி கைமாறுவதைத் தடுத்து, முழுக் கூட்டத்தையும் உறையவைக்கிறது என்று ஜோன் சூஸும் கிறான்ற்றும் 2018இல் முன்மொழிந்தார்கள். கவர்ச்சியான விளக்கம். இதை முடிந்த முடிவாக நான் ஏற்கவில்லை. இருக்கும் அளவீடுகள் இலத்திரன்கள் கட்டுண்டு நிற்பதைக் காட்டுகின்றன. கட்டியது எது என்பதை அவை இன்னும் தனிமைப்படுத்தவில்லை. மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எலியேசரின் 1943 கட்டுரையில் நான் கற்ற ஒழுக்கமும் அதுதான். சமன்பாடு சொல்வது ஒன்று, இயற்கை செய்வது ஒன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் மூடி மறைக்கவில்லை.

சொற்களைப் பற்றி ஒன்று. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1875இல் ஓர் இரசாயன நூலைக் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார். இந்தப் பேச்சை எழுதும்போது அந்த உழைப்பை அடிக்கடி நினைத்தேன். ஆர்முடுகல், ஒழுக்கு, சக்திச்சொட்டெண் எல்லாம் நம் பாடசாலைகளில் புழங்கிப் பழகிய நல்ல சொற்கள். அவை இருந்ததால்தான் இன்று உங்கள் முன் ஆங்கிலத்தின் துணையில்லாமல் இவ்வளவும் பேச முடிந்தது. பிளாஸ்மா என்பதை அப்படியே விட்டேன். அதற்குப் புதுச்சொல் தேடி உங்களை அலைக்க மனம் வரவில்லை.

வன்கூவர்க் கருவிகளை இங்கே நிறுவ இன்று நம்மிடம் பணமில்லை. அதற்காகக் கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. சேர்ந்து சிதைதலை அளப்பதற்கு நமக்கு மேலேயே ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. 2010 ஜனவரி 15 பிற்பகலிலும் 2019 டிசம்பர் 26 காலையிலும் கங்கண சூரிய கிரகணம் இந்தக் குடாநாட்டின்மேலேயே போயிற்று. சந்திரன் சூரியனை மறைக்க, சில நிமிடங்களுக்குக் கதிர் மிகவும் குறைந்து, பிறகு திரும்ப வந்தது. அயன்மண்டலத்துக்கு ஆளியைத் தாழ்த்தி ஏற்றியது போல. அந்த இரண்டு நாளும் மத்திய அலை வாங்கி ஒன்றை வைத்துச் சைகையின் வலுவை நிமிடத்துக்கு நிமிடம் குறித்திருந்தால் அருமையான தரவு கிடைத்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. இரண்டாம் முறையும் வெளியில் நின்று வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இன்றுவரை மனத்தில் கிடந்து உறுத்தும் தவறு அது.

ஆனால் ஒவ்வொரு மாலையும் சூரியன் மறைகிறது. தூர நிலையம் ஒன்றைத் தெரிந்து, மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அதன் வலுவைப் பதியுங்கள். வலுவிலிருந்து படையின் இலத்திரன் அடர்த்தி எப்படி வீழ்கிறது என்று கணிக்கலாம். உயர்தரத்தில் இரண்டாம் வரிசைத் தாக்கம் படித்தவர்களுக்குத் தெரியும்: அடர்த்தியின் நிகர்மாற்றை நேரத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரவேண்டும், அதன் படித்திறனே வீத மாறிலி. உண்மையில் கோடு வளையும். அந்திக் கதிர் உடனே நின்றுவிடுவதில்லை; மிகக் கீழான படையில் நீர்மூலக்கூறுகள் அயனைச் சூழ்ந்துகொண்டு சேர்க்கையின் வேகத்தை மாற்றுகின்றன. எங்கே வளைகிறது, எந்தப் பருவத்தில் கூடுதலாக வளைகிறது என்பதைப் பல மாதம் பதிந்தால்தான் தெரியும்.

அதற்கான வாங்கியின் சுற்றுப்படத்தை நாற்பது பிரதி எடுத்து வந்திருக்கிறேன். தேவையான உதிரிப்பாகங்களை நகரத்துக் கடைகளிலேயே வாங்கலாம். பின்வரிசையில் இருக்கும் மாணவர்கள் தேநீருக்குப் போகுமுன் இந்த மேசைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.